பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு ஆள்

1

ஊரிலிருந்து வரும் கடிதம் எதுவானாலும் அதன் கடைசிப் பந்தியில் ஒரு கேள்வி இருக்கும். "அங்கே பனி எத்தனை அடி?" கொழும்பு வழியாக, மூன்று நான்கு கை மாறி, உறை கசங்கி வந்து சேரும் கடிதம் அது. யார் செத்தார், யார் மடுவுக்கு அகதியாகப் போய்விட்டார், யாருடைய கூரையில் ஷெல் விழுந்தது என்றெல்லாம் எழுதிவிட்டு, ஒரு மூச்சு விட்டதும் பனியைப் பற்றிக் கேட்பார்கள். நானும் வந்த புதிதில் பெருமையோடு பதில் எழுதினேன். முழங்கால் வரை, இடுப்பு வரை, காரின் கண்ணாடி வரை என்று கொஞ்சம் கூட்டியும் எழுதியிருப்பேன். இப்போது எழுதுவதில்லை. எத்தனை அடி என்பது பிழையான கேள்வி. அது பிழை என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஒரு மனிதரைச் சாகக் கொடுத்தோம். கொடுத்தோம் என்ன, கொடுத்தேன்.

மூன்று கிழமைக்கு முன்பு செபமாலை அண்ணையின் மகன் றொனால்ட் தொலைபேசி எடுத்தான். இருபது வயது, பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறான்; பனியைச் சினோ என்றுதான் சொல்வான்.

"மாஸ்டர் அங்கிள், அப்பாவின்ர நாலாவது ஆண்டு நினைவு வருது. கோயிலிலை குடுக்க ஒரு கார்ட் அடிக்கிறம். அப்பா ஒருத்தரும் கேக்காமல் தானாத் தனியப் போய்ப் படியிலை சினோ தள்ளினவர் எண்டு ஃபியூனரலிலை சொன்னீங்கள்தானே, அதை நல்ல தமிழிலை நாலு வரி எழுதித் தாங்கோ. மற்றப் பக்கம் அப்பாவின்ர படம் வரும்."

"எழுதித் தாறன் தம்பி," என்றேன். வேறு என்ன சொல்ல?

தொலைபேசியை வைத்துவிட்டு சமையலறைக் கதிரையில் அப்படியே இருந்தேன். என் மகள் டிலானி பால் எடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்து, "சா வா, பப்பா?" என்றாள். சுகமா என்று கேட்பதற்கு இங்கே பிரெஞ்சில் அப்படித்தான். சுகம் என்று தலையாட்டினேன். அவளும் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அந்த நாலு வரியும் பொய். செபமாலை அண்ணை தானாகப் போகவில்லை, தனியாகப் போக விரும்பவும் இல்லை. தனியாகப் போங்கள் என்று அவருக்குச் சொன்னவன் நான். அதை மறைத்து, செத்தவீட்டில் எழும்பி நின்று, அது அவருடைய தொண்டு என்று பேசியவனும் நான். நாலு வருடமாக அவருடைய மனைவி றீற்றா அக்காவின் முகத்தை நேரே பார்க்க என்னால் முடியவில்லை. இப்போது அந்தப் பொய்யை அச்சில் ஏற்றித் தரும்படி அவருடைய பிள்ளை கேட்கிறான்.

2

பொய் எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன்னால் கணக்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

நான் மன்னாரில் புவியியல் படிப்பித்தவன். பாடசாலை வளவில் ஒரு மழைமானி இருந்தது. பதினொரு வருடம் காலை எட்டரைக்கு அதைத் திறந்து, அளந்து, கொப்பியில் எழுதினேன். மழை நேர்மையான பொருள். ஒரு அங்குல மழை மாரியில் பெய்தாலும் சித்திரையில் பெய்தாலும் ஒரே அளவு தண்ணீர்தான், ஒரே பாரம்தான். உயரத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். இந்த நம்பிக்கையோடுதான் நான் விமானம் ஏறினேன். கனடாவில், பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், எனக்குக் கிடைத்த வேலை பிளாஸ்ரிக் வாளிக்கு மூடி பொருத்துவது. புவியியலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேற்பார்வையாளன் என்னை "நீ" என்றுதான் கூப்பிடுவான். பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிட ஒரு சொல் இருக்கிறது என்பதை நான் அறிந்தது அந்த மரியாதை எனக்குக் கிடைக்காததால்தான்.

வில்லரே என்ற பகுதியில் நாங்கள் இருந்த தொடர்மாடிக்குப் பத்து நிமிட நடையில் ஒரு பழைய பிரெஞ்சுக் கத்தோலிக்கக் கோயில். பூசைக்கு வருகிற பிரெஞ்சுக் கிழவிகள் இருபது பேர் இருப்பார்கள். ஞாயிறு பின்னேரத்திலும் தவக்கால வெள்ளிகளிலும் அதை எங்கள் தமிழ்ச் சனத்துக்கு விட்டிருந்தார்கள். ஒரு மார்கழியில் பங்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கம், முழுவதும் பிரெஞ்சு. மூன்று பேரிடம் கொண்டுபோய்க் காட்டினோம், மூன்று விதமாக வாசித்தார்கள். கடைசியில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற பிரெஞ்சுக் கிழவர் முன்வாசலுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், பனி மூடிய படிகளைக் காட்டி, பிறகு எங்கள் நெஞ்சைக் காட்டி, பிறகு பனி தள்ளும் சவலைக் காட்டினார். விளங்கிவிட்டது. உங்கள் பூசைக்கு முன்னால் உங்கள் ஆட்கள் படியைத் துப்புரவாக்கவேண்டும். மொத்தம் இருபத்திரண்டு படி.

நாலு தமிழர் சேர்ந்தால் கூட்டம். கூட்டம் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர். பனி தள்ளுவதற்கும் ஒரு குழு வந்தது, அதற்கு ஒரு செயலாளரும் வேண்டுமென்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

அப்போது இருந்த பெரிய குறை இதுதான்: கொஞ்சம் தூவினாலும் பத்துப் பேர் வந்து நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள், கொட்டோ கொட்டென்று கொட்டினால் ஒருவரும் வரமாட்டார்கள். எல்லோரும் இரண்டு வேலை பார்க்கிறவர்கள், நித்திரைக்கு ஏங்குகிறவர்கள். அதனால் நான் ஒரு விதி எழுதினேன். ஒவ்வொரு நாளுக்கும் பட்டியலில் இரண்டு பெயர், மேலதிகத்துக்கு இன்னும் இரண்டு. வானொலி பத்துச் சென்ரிமீற்றர் வரை சொன்னால் முதலாவது ஆள் மட்டும். இருபது வரை இரண்டு பேர். அதற்கு மேலே நாலு பேரும். நான் மத்தியானச் செய்தியைக் கேட்டு, தேவையில்லாதவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவேன். தடித்த மட்டையில் கோடு கீறி, விதியை அழகான எழுத்தில் எழுதி, கோயில் நிலவறையில் தொங்கவிட்டேன்; பெயர்ப் பட்டியல் என் கொப்பியில் இருந்தது.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. "மாஸ்டர்ர கணக்கு" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். தை மாதத்தில் முப்பது சென்ரிமீற்றர் கொட்டியது. கடுங்குளிர். நாலு பேர் போனார்கள், அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வறுத்த அரிசிமாவைப் போலப் பனி சவலிலிருந்து பறந்ததாம். முப்பதுக்கு நாலு பேர் அரை மணித்தியாலம் என்றால் பத்துக்கு ஒருவர் தாராளம் என்று நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன். கனடாவில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அந்த மட்டைதான். அதை ஒளித்து என்ன வரப்போகிறது?

3

அது பங்குனி மாதம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்குச் சிலுவைப்பாதை. ஐந்து மணிக்குள் படி துப்புரவாகவேண்டும். பட்டியலில் முதற்பெயர் செபமாலை அண்ணை, இரண்டாவது பிலிப்.

செபமாலை அண்ணை எனக்குப் பல வருடம் முன்னால் வந்தவர். ஐம்பத்தொரு வயது, விடுதியொன்றில் துப்புரவு வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு. அதை அவரே எல்லோருக்கும் சொல்வார். என்னிடம் பேசும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். மைனஸ் இருபதிலும் கழற்றுவார். "போடுங்கோ அண்ணை, காது விறைக்கப்போகுது," என்றால், "மாஸ்டருக்கு முன்னாலை எப்பிடி?" என்பார். எனக்கு அது கூச்சமாகவும் இருக்கும், உள்ளுக்குள் இனிக்கவும் செய்யும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வானொலியில் சொன்னார்கள்: பத்து. வெப்பநிலை பூச்சியத்தில் நின்றது. நல்ல காலம், குளிரும் இல்லை என்று நினைத்தேன். நடைபாதைத் தொலைபேசியில் காசு போட்டு முதலில் பிலிப்பைக் கூப்பிட்டேன். வருவதற்குச் சப்பாத்தும் எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னான். "வரத் தேவையில்லை பிலிப், பத்துத்தான். படு," என்றேன். அவனுக்குச் சந்தோசம். பிறகு அண்ணையின் வீட்டுக்கு எடுத்தேன். அவரே எடுத்தார்.

"அண்ணை, இண்டைக்கு பத்துத்தான். பிலிப்பை மறிச்சுப்போட்டன்."

"தனியவோ மாஸ்டர்?" என்றார். "வெளியிலை பாத்தனான். இது ஒரு மாதிரிப் பனியாக் கிடக்கு. பாரமான பனி போலை."

"அண்ணை, பத்து எண்டால் பத்துத்தானே. தை மாசம் முப்பதையே தள்ளினாங்கள்."

"ஓம், அதுவும் சரிதான். படிச்ச நீங்கள் சொன்னாச் சரி."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்கமாட்டோம். அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை குளிர்காலம் கண்ட மனிதர் யன்னலால் பார்த்தே சொன்னார். சொன்னவரை நான் ஒரு இலக்கத்தைக் காட்டி வாயடைக்க வைத்தேன்.

மூன்று மணிக்கு மழைத் தூறல் தொடங்கியது. நாலு மணிச் செய்தியில், பெய்த பனி அமுங்கி எட்டாகிவிட்டது என்றார்கள். இதை எழுதவே கை கூசுகிறது. எட்டு என்று கேட்டு நான் நிம்மதிப்பட்டேன். அண்ணைக்கு வேலை குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். அம்புலன்ஸ் போய்விட்டது. பிரெஞ்சுக் கிழவர் வாசலில் மெழுகுதிரி போல வெளுத்துப்போய் நின்றார். மேலிருந்து பதின்மூன்று படி சுத்தமாக, ஓரம் வெட்டியதுபோலத் துப்புரவாகியிருந்தது. பதினாலாவது படியில் சவல் கிடந்தது. நான் அதைத் தூக்கப் போனேன். அதில் பாதிச் சவல் பனி இருந்தது. ஒரு கையால் தூக்க முடியவில்லை.

4

மாரடைப்பு, உயிர் இல்லை என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் தந்தார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு பங்கு அலுவலகம் காப்புறுதிக்கென்று இன்னொரு படிவம் அனுப்பியது. செத்தவரின் பெயர் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை. குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று கேட்டு இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு உறவு என்ன என்ற கோட்டில் நான் "நண்பர்" என்று எழுதுவித்தேன். பெய்த பனியின் உயரம் என்ன என்று ஒரு கேள்வி. பத்து. அந்த வேலைக்கு வேறு யாரும் ஒதுக்கப்பட்டிருந்தார்களா என்று இன்னொரு கேள்வி. மற்றக் கோடுகளையெல்லாம் எனக்காகப் பிரெஞ்சு தெரிந்த ஒரு பெண் நிரப்பித் தந்தாள். அந்தக் கோட்டை மட்டும் நானே பேனையை வாங்கி நிரப்பினேன். "நோன்." இல்லை. சொந்தக் கையால் நான் எழுதிய முதல் பிரெஞ்சுச் சொல் அதுதான்.

செத்தவீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். மாஸ்டர் பேசாமல் வேறு யார் பேசுவது? நான் எழும்பினேன். முன்வரிசையில் றீற்றா அக்கா கறுப்புச் சேலையோடு, குனிந்த தலையோடு இருந்தார். உண்மையைச் சொல்லத்தான் எழும்பினேன் என்று இப்போது சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம், எனக்கே அது நிச்சயமில்லை. வாயைத் திறந்தபோது வந்தது வேறு. சிலுவைப்பாதை நாளில், ஒருவரும் கேட்காமல், தன்னந்தனியாக, ஆண்டவருடைய படியைத் துப்புரவாக்கப் போன மனிதர் என்றேன். சனம் விம்மியது. அது நல்ல பேச்சு என்று பலர் வந்து கையைப் பிடித்தார்கள்.

சேமக்காலையில் அடக்கம் முடிந்ததும் பிலிப் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "மாஸ்டர், நான் ஒருத்தரோடையும் ஒண்டும் கதைக்கேல்லை," என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த கோடையில் அவன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். அவன் போனதில் எனக்கு ஆறுதல் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குழு கூடியது. ஆழ்ந்த அனுதாபத் தீர்மானம் நிறைவேறியது. பாரம் குறைந்த அலுமினியச் சவல் வாங்கலாமா என்று ஒரு மணித்தியாலம் விவாதித்தார்கள். அதற்குள் பங்கு அலுவலகமே பனி தள்ளும் யந்திரக்காரனை ஒழுங்கு பண்ணிவிட்டது. என் மட்டையைக் கழற்றி யாரோ அதன் பின்பக்கத்தில் ஞாயிறு மறைக்கல்வி நேரசூசி எழுதினார்கள்.

5

பனியைப் பற்றி நான் படித்தது அதற்குப் பிறகுதான். படித்தேன் என்றால் புத்தகத்தில் இல்லை. இருபது சென்ரிமீற்றர் உயரமான ஒரு கோப்பித் தகரத்தில்.

அடுத்த தை மாதம், மூக்குமயிர் விறைக்கும் ஒரு காலையில், பின்படியில் விழுந்த பனியை அமுக்காமல் தகரம் நிறைய அள்ளி, சமையலறையில் உருகவிட்டேன். அடியில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர். பங்குனியில் பூச்சியத்தில் பெய்த பனியை அதே தகரம் நிறைய அள்ளி உருகவிட்டேன். நாலு சென்ரிமீற்றர். அளவுகோலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். நாலுதான். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் அந்தத் தகரத்தை ஒருவரும் அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலமும் அதற்கடுத்ததும் இதே வேலையாக இருந்தேன். கணக்குப் போடும் வியாதி. தை மாதத்து முப்பதை உருக்கினால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் தண்ணீர். அந்த வெள்ளிக்கிழமையின் பத்தை உருக்கினால் இரண்டு. அதன் மேலே பெய்த மழையையும் அது கடற்பஞ்சு போலக் குடித்து வைத்திருந்தது, அது தனி. அதாவது நாலு பேர் சிரித்துக்கொண்டு தள்ளியதைவிட அதிகப் பாரத்தை நான் ஒரு மனிதரின் தலையில் கட்டியிருக்கிறேன். பனி அமுங்கி எட்டானபோது ஒரு துளியும் குறையவில்லை. மழை சேரச் சேர உயரம் இறங்கியது, பாரம் ஏறியது. நான் உயரம் இறங்கியதை மட்டும் பார்த்தேன்.

டிலானிக்கு அப்போது பதின்மூன்று. மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள் தகரத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்ன பப்பா இது?"

"ஏன் ஒரு நாள் பனி லேசாக் கிடக்கு, ஒரு நாள் பாரமாக் கிடக்கு எண்டு பாக்கிறன்."

"அது ஈஸிதானே." தன் கொப்பியில் ஒரு மூலையில் ஒரு பனித்துகளை ஆறு கைகள் உள்ள நட்சத்திரமாகக் கீறினாள். பாதித் தமிழிலும் பாதி பிரெஞ்சிலுமாக விளக்கினாள். மேகத்திலிருந்து நிலம் வரைக்கும் குளிராக இருந்தால் இந்தக் கைகள் முறியாமல் வந்து விழும். ஒன்றின் கை ஒன்றில் கொளுவி நிற்கும். நடுவில் எல்லாம் வெறும் காற்று. அதனால் உயரமாகத் தெரியும், பாரமில்லை. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் பாதி உருகி, கை கரைந்து, ஒட்டிக் கட்டியாக விழும். காற்றுக்கு இடமில்லை, தண்ணீர்தான். வெதுவெதுப்பான காற்றில் ஈரமும் கூட இருக்கும். கடுங்குளிர்க் காற்றில் ஈரமே இல்லை, அதனால்தான் மிகக் குளிரான நாட்களில் பெரிதாகப் பெய்வதில்லை. நகரத்தின் ஒரு பக்கம் பனியும் மறுபக்கம் மழையும் வருவது இரண்டொரு பாகை வித்தியாசத்தால். வானொலி சொல்வது விமானநிலையத்தில் அளந்தது, எங்கள் தெருவில் அளந்தது இல்லை.

பதினொரு வருடம் காலநிலை படிப்பித்தவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"எப்பவும். சின்னப் பிள்ளையிலை சினோ பொம்மை செய்யேக்கையே தெரியும். பாரமான சினோவிலைதான் பொம்மை செய்யலாம். எல்லாருக்கும் தெரியும் பப்பா."

"எனக்குச் சொல்லேல்லையே நீ."

"நீங்கள் என்னட்டை ஒருக்காலும் ஒண்டும் கேக்கிறேல்லையே," என்றாள். கோபமில்லை, குறையுமில்லை. நட்சத்திரத்தை அழித்துவிட்டு வீட்டுப்பாடத்துக்குத் திரும்பினாள். நான் ஏன் கேட்டேன் என்று அவளும் கேட்கவில்லை.

என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளையிடம், இன்றைய பனியில் பொம்மை செய்யலாமா என்று அந்தக் காலையில் கேட்டிருந்தால் போதும். செபமாலை அண்ணையோடு பிலிப்பும் போயிருப்பான். ஆனால் இந்த நாட்டைப் பற்றி என் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்கு அவமானமாக இருந்தது. கேட்கக்கூடிய காலமும் இப்போது போய்விட்டது. பதினைந்து வயதாகிறது, அறைக் கதவு எந்நேரமும் சாத்தியிருக்கிறது, உள்ளே பிரெஞ்சில் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

6

றொனால்ட் கேட்ட நாலு வரியை எழுத மூன்று கிழமையாக இருந்தேன். கடதாசியை எடுப்பேன், வைப்பேன். போன வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, றீற்றா அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். அவர் திட்டட்டும், காறித் துப்பட்டும், அல்லது மன்னிக்கட்டும். எதுவானாலும் ஒரு முடிவு வரும் என்று நினைத்தேன்.

அவர் இப்போது பியர்பொன்ட்ஸில், தம்பியின் வீட்டு நிலவறையில் இருக்கிறார். மெற்றோவில் கடைசி வரை போய், அங்கிருந்து ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். ஒன்றே முக்கால் மணித்தியாலம். பஸ்ஸை விட்டிறங்கினால் தெருவில் ஒரு மனிதரும் இல்லை. எல்லோரும் கார்க்காரர். பொடிப் பனி, காய்ந்தது, காலால் தட்டினால் பறக்கிறது. இந்தக் கணக்கை என்னால் நிறுத்தவே முடிவதில்லை.

நிலவறை யன்னல் நிலமட்டத்தில் இருந்தது. பாதிக்கு மேலே பனி மூடியிருந்ததால் பகலிலும் விளக்குப் போட்டிருந்தார். பிளேன்ரீ, பால் விடாத தேநீர், போட்டுத் தந்தார். தவக்காலம் என்பதால் சீனி இல்லை என்றார். கொஞ்சம் நேரம் ஊர்க்கதை கதைத்தோம். பிறகு நான் கோப்பையை வைத்தேன்.

"அக்கா, றொனால்ட் கேட்ட கார்டைப் பற்றிக் கதைக்க வந்தனான்."

"எழுதிப்போட்டீங்களோ மாஸ்டர்?"

"எழுத ஏலாது. அது பொய். அண்ணை தானாப் போகேல்லை. பிலிப் வர வெளிக்கிட்டவன், நான்தான் மறிச்சனான். அண்ணை பாரமான பனி எண்டு சொன்னவர். நான் கேக்கேல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். மட்டை, மத்தியானச் செய்தி, தொலைபேசி, படிவத்தில் எழுதிய ஒற்றைச் சொல். அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மேலே குளிர்சாதனப்பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்," என்றார்.

"எப்பிடி?"

"நீங்கள் ரெலிபோன் எடுக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது."

"அப்ப ஏனக்கா நாலு வருசமா ஒரு சொல்லும்..."

"பொறுங்கோ. மிச்சத்தைக் கேளுங்கோ." அவருடைய குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ரெலிபோனை வைச்சிட்டு அவர் கதிரையிலை இருந்தவர். நெஞ்சுக்குள்ளை ஒரு மாதிரிக் கிடக்கு றீற்றா, பனியும் பாரம், பிலிப்புக்கு நான் ஒருக்கா எடுத்துக் கேக்கட்டோ எண்டவர். நான்தான் விடேல்லை. மாஸ்டர் பத்து எண்டு சொல்லிப்போட்டார், பேந்து நீங்கள் அவருக்கு மேலாலை ஆள் கூப்பிட்டா மரியாதையோ எண்டு கேட்டனான். அரை மணித்தியால வேலை, போட்டு வாங்கோ எண்டனான். காலமையிலை இருந்து ஒருசந்தி, வெறும் வயிறு. தேத்தண்ணி கேட்டவர். வந்து குடிக்கலாம் எண்டு கலைச்சுவிட்டனான்."

அக்கா தன் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"செத்தவீட்டிலை நீங்கள் எழும்பேக்கை எனக்கு உயிர் போட்டுது. ரெலிபோன் கதையைச் சொல்லப்போறீங்கள், சனம் பேந்து என்னட்டை வந்து, அவர் என்ன சொன்னவர், நீ என்ன சொன்னனீ எண்டு கேக்கப்போகுது எண்டு இருந்தனான். நீங்கள் தானாப் போனவர் எண்டு சொன்னீங்கள். மாதாவே, இந்த மனுசன் என்னைக் காப்பாத்திப்போட்டார் எண்டு நினைச்சன். உங்களுக்காகத்தான் சொன்னீங்கள் எண்டு தெரியும். எண்டாலும் அதுக்குள்ளை நானும் பதுங்கிக்கொண்டன்." மூக்கை உறிஞ்சினார். "பாவசங்கீர்த்தனத்திலைகூட நான் இதைச் சொன்னதில்லை. இண்டைக்குத்தான், உங்களுக்குத்தான்."

அக்கா, அது உங்கள் பிழை இல்லை, என் கணக்கை நம்பியதுதான் நீங்கள் செய்தது என்று சொன்னேன். உண்மையும் அதுதான். அவர் தலையை ஆட்டினார், ஆனால் ஏற்கவில்லை. நானும் அவரிடம் மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்கவில்லை. கேட்டால் அவரும் என்னிடம் கேட்பார் என்று பயந்தேன். கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

"முந்திச் சொன்ன மாதிரியே எழுதிக் குடுங்கோ மாஸ்டர்," என்றார் கடைசியில். "பிள்ளை தேப்பனை அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு வளந்திட்டான். அதை எடுத்தா அவனுக்குத் தேப்பன் எண்டு ஒண்டும் இல்லை. பிள்ளையளுக்கு இது தெரியக்கூடாது. எனக்கு வாக்குத் தாங்கோ."

வாக்குக் கொடுத்தேன். அந்த மேசையிலேயே நாலு வரியையும் எழுதினேன். ஒருவரும் கேளாமல், தன்னந்தனியாக. என் எழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் கோயிலில் றொனால்ட் கார்ட் கொடுத்தான். வழுவழுப்பான கடதாசி. அதன் பின்பக்கத்தில் அண்ணை தொப்பி இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "சரியோ அங்கிள்? பிழை இருந்தாச் சொல்லுங்கோ. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கடைக்காரன் தந்ததை அப்பிடியே வாங்கினனான்," என்றான். பார்த்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. தாய்க்குப் பக்கத்தில் போய் நின்று, அவருடைய தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. இனித் திரும்பமாட்டார். தன் இரகசியம் தெரிந்தவனை யார் நேரே பார்ப்பார்கள்?

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், வாக்கைக் காப்பாற்றாதவன் என்று என்னை நினைக்கலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதைவிட, பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அக்கா கேட்டது. அவருடைய பிள்ளையோ என் பிள்ளையோ வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கமாட்டாத இடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதனால் இதைத் தமிழில் எழுதிவைத்தேன்.